வெள்ளைத் துணியில் ஒரு கணக்கெடுப்பு

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் வழியில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது மாகறல். சம்பந்தர் பாடிய தலம். பொன்னிற உடும்பு ஒன்று புற்றுக்குள் புகுந்து மறைந்ததாகவும், அந்த இடத்தில் இறைவன் வெளிப்பட்டதாகவும் தலபுராணம் சொல்கிறது. ஊரைத் தாண்டினால் நெல்வயல். தெருவிளக்கின் வெளிச்சம் எட்டாத ஒரு வரப்பில், நிலவில்லாத இரவில், இரண்டு கழிகளுக்கு நடுவே வெள்ளை வேட்டியைக் கட்டி, அதன்மேல் புற ஊதா விளக்கின் ஒளியைப் பாய்ச்சினால் போதும். அரை மணி நேரத்தில் துணி நிறையத் தொடங்கும். நெல்லின் குருத்தைத் துளைக்கும் பூச்சி, இலைச்சுருட்டுப் புழுவாக இருந்து இறகு முளைத்த அந்துப்பூச்சி, பச்சைத் தத்துப்பூச்சி, புகையான், நீர்வண்டு, சாணவண்டு என்று வரும். அவற்றைத் தின்ன கும்பிடுபூச்சியும் பல்லியும் வரும். இவற்றோடு, எவரும் பெயர் சொல்லத் திணறும் சின்னச் சின்ன பழுப்பு நிற அந்துப்பூச்சிகள் ஏராளம்.

ஓர் இரவில் அந்தத் துணிக்கு எத்தனை வகைப் பூச்சிகள் வந்தன? ஒவ்வொன்றிலும் எத்தனை? சென்ற ஆண்டு இதே வாரத்தைவிட இப்போது கூடுதலா, குறைவா? கேட்பதற்கு எளிய இந்தக் கேள்விகளுக்கு விடை காண்பது பூச்சியியலில் மிகக் கடினமான வேலைகளில் ஒன்று. நெல் பயிரிடுகிறவருக்குத் தன் பயிரைத் தின்னும் ஐந்தாறு பூச்சிகளைத் தெரியும். பூச்சியியல் படித்தவருக்கு இன்னும் சில நூறு தெரியலாம். துணியில் இருக்கும் எல்லாவற்றையும் அறிந்தவர் என்று ஒருவர் இல்லை. இந்த இடைவெளியை நிரப்பத்தான் படத்தைப் பார்த்துப் பூச்சியை அடையாளம் காணும் கணினி நிரல்கள் வந்திருக்கின்றன. அவற்றால் எது முடிகிறது, எது முடியவில்லை என்பதை இந்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

பெயரிட்டவர்களும் எடை போட்டவர்களும்

இந்திய அந்துப்பூச்சிகளுக்கு முறையான பட்டியல் கிடைத்ததற்கு நீலகிரிக்கும் ஒரு பங்கு உண்டு. அங்கே தோட்டத் தொழில் நடத்த வந்த ஜார்ஜ் ஹாம்ப்சன் என்ற ஆங்கிலேயர், அந்துப்பூச்சிகளைச் சேகரிக்கத் தொடங்கி அதிலேயே மூழ்கிப்போனார். பிறகு லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் சேர்ந்து, 1892 முதல் 1896 வரை இந்திய அந்துப்பூச்சிகளைப் பற்றி நான்கு தொகுதிகள் எழுதினார். 130 ஆண்டுகளுக்குப் பிறகும் பெயரில் ஐயம் வந்தால் அந்தத் தொகுதிகளைப் புரட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அறிவியல் பெயர் பெற்ற பூச்சி இனங்கள் உலகில் சுமார் 10 லட்சம். பெயர் பெறாதவை அதைப் போலப் பல மடங்கு என்பது பொதுவான மதிப்பீடு. பெயரிடும் ஆட்களோ சிலர். இதனால் என்ன ஆகும் என்பதை 2017-இல் வெளிவந்த ஒரு ஜெர்மானிய ஆய்வு காட்டியது. 63 பாதுகாக்கப்பட்ட இடங்களில் 27 ஆண்டுகள் பறக்கும் பூச்சிகளைப் பொறியில் பிடித்தவர்கள், அவற்றின் மொத்த எடை நான்கில் மூன்று பங்குக்கு மேல் குறைந்துவிட்டது என்று கண்டார்கள். உலகமே அதிர்ந்த செய்தி அது. ஆனால் அவர்கள் அளந்தது எடையை. குறைந்தவை எந்தெந்த இனங்கள் என்பதை அந்த எடை சொல்லவில்லை. மலைபோல் குவிந்த பூச்சிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பெயரிட ஒரு வாழ்நாள் போதாது.

நம் நாட்டு நெல் ஆராய்ச்சி நிலையங்களிலும் விளக்குப்பொறிக் கணக்கு நெடுங்காலமாக எழுதப்படுகிறது. அதில் இடம்பெறுவன பயிரைத் தின்னும் சில இனங்களே. மற்றவை எண்ணப்படாமல் கொட்டப்படும்.

கருவி எப்படிப் பார்க்கிறது?

கணினிக்குப் படம் என்பது எண்கள் நிறைந்த கட்டங்கள். காஞ்சிபுரத்தில் பட்டுச் சேலைக்கு டிசைன் போடுகிறவர் கட்டத்தாளில் ஒரு புட்டாவை வரைவதை நினைத்துக்கொள்ளலாம்: எந்தக் கட்டம் நிறைந்திருக்கிறது, எது காலி என்பதுதான் மயிலையும் அன்னத்தையும் உண்டாக்குகிறது. கேமரா படத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் சிவப்பு, பச்சை, நீலம் எவ்வளவு என்று மூன்று எண்கள்.

அந்த எண்களிலிருந்து ஒரு பூச்சியின் பெயருக்குப் போக, முன்பெல்லாம் நிரல் எழுதுகிறவர்களே விதிகளை வகுத்துப் பார்த்தார்கள். இறகு மஞ்சள், நடுவில் கரும்புள்ளி, அப்படியானால் குருத்துப்பூச்சி என்பது போல. அது வெகுதூரம் போகவில்லை. 2012-இல் நடந்த ஒரு பட அடையாளப் போட்டிக்குப் பிறகு வேறு வழி வென்றது. விதியைச் சொல்லித்தருவதற்குப் பதிலாக, மனிதர் பெயரிட்ட ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டுவது. நிரல் முதலில் குருட்டாம்போக்கில் ஒரு பெயரைச் சொல்லும். சரியான பெயரோடு ஒப்பிட்டு, பிழை சற்றே குறையும்படி அதன் உள்ளே இருக்கும் கோடிக்கணக்கான எண்கள் திருத்தப்படும். இப்படி லட்சக்கணக்கான முறை. முடிவில் நிரலின் முதல் அடுக்குகள் கோடுகளையும் நிறம் மாறும் விளிம்புகளையும் கவனிக்கப் பழகியிருக்கும். அடுத்த அடுக்குகள் அவற்றைச் சேர்த்துப் புள்ளி, பட்டை, இறகின் வளைவு என்று காணும். கடைசி அடுக்கு பெயர்களின் பட்டியலைத் தரும், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு மதிப்பெண்ணோடு.

அந்த மதிப்பெண்தான் பின்னால் வரும் சிக்கல்களுக்கெல்லாம் வேர். நிரல் தனக்குக் கற்பிக்கப்பட்ட பெயர்களுக்குள்தான் தேடும். பட்டியலில் இல்லாத பூச்சி வந்தாலும், இருப்பவற்றில் எது நெருக்கமோ அதற்கு மதிப்பெண் போடும். பல சமயம் தாராளமாகவே போடும்.

பட்டுப்பூச்சி காட்டிய வழி

ஒரே ஓர் இனத்தை எண்ணுவதானால் வேலை எளிது. அதற்கு வழி திறந்தது, காஞ்சிபுரத்துக்குச் சோறு போடும் பட்டுப்பூச்சி.

சுமார் ஐயாயிரம் ஆண்டுகளாக மனிதர் வளர்த்து வருவதால் பறக்கும் திறனை இழந்துவிட்ட பூச்சி அது. ஆனாலும் பெண் பூச்சியின் வாசம் பட்டால் ஆண் படபடவென இறகடித்துக்கொண்டு அதை நோக்கி நகரும். அந்த வாசப்பொருள் எதுவெனத் தேடிய ஜெர்மானிய வேதியியலாளர் அடால்ஃப் பூட்டநாண்ட், சுமார் 5 லட்சம் பட்டுப்பூச்சிகளிலிருந்து சில மில்லிகிராம் எடுத்து, 1959-இல் அதன் கட்டமைப்பை வெளியிட்டார். பாம்பிகால் என்ற அந்தப் பொருள்தான் பூச்சிகளில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்ட இனக்கவர்ச்சி. பின்னர் பல பயிர்ப்பூச்சிகளுக்கும் அதனதன் கவர்ச்சிப்பொருள் கண்டுபிடிக்கப்பட்டது. பருத்திக் காய்க்குள் புகும் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கு உரியது 1973-இல் தெரியவந்தது. அதை ஒரு பொறியில் வைத்தால், வந்து விழுவது பெரும்பாலும் அந்த ஓர் இனத்தின் ஆண் பூச்சிகள்.

பருத்தி விவசாயிக்கு அந்தக் கணக்கு முக்கியம். பொறி ஒன்றுக்கு ஓர் இரவில் 8 பூச்சிகள் வீதம் தொடர்ந்து 3 இரவுகள் விழுந்தால் மருந்தடிக்க வேண்டிய கட்டம் வந்துவிட்டது என்பது பரிந்துரை. அதற்கு முன்னால் அடித்தால் செலவு, பின்னால் அடித்தால் காய் போய்விடும். புழு காய்க்குள் நுழைந்த பிறகு மருந்து எட்டாது. மும்பையைச் சேர்ந்த வாத்வானி ஏஐ என்ற நிறுவனம் இதற்கென்றே ஒரு செயலியை உருவாக்கியது. விவசாயி பொறியில் விழுந்த பூச்சிகளை வெள்ளைத் தாளில் கொட்டி ஒரு படம் எடுப்பார். செயலி எண்ணி, மருந்தடிக்க வேண்டுமா வேண்டாமா என்று சொல்லும். இணையம் இல்லாத வயலிலும் சாதாரண கைபேசியில் இயங்கும்படி நிரலைச் சுருக்கியதுதான் அந்த வேலையின் கடினமான பகுதி.

இது நன்றாக வேலை செய்வதற்குக் காரணம் நிரல் மட்டுமல்ல. எந்த இனம் வரவேண்டும் என்பதை வேதிப்பொருள் முன்கூட்டியே வடிகட்டிவிட்டது. வெள்ளைத் தாள் பின்னணியை ஒரே மாதிரி ஆக்கிவிட்டது. கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே ஒன்று. பூச்சிகளும் செத்துக் கிடக்கின்றன. பாதி வேலையைப் பொறியும் தாளும் முடித்துவிட்ட பிறகே கேமரா வருகிறது.

துணிக்கு வரும் கூட்டம்

மாகறல் வரப்பில் கட்டிய வேட்டியில் இந்த வசதிகள் எதுவும் இல்லை. எது வரும் என்று தெரியாது. வந்தவை உயிரோடு நடமாடும். ஒன்றன்மேல் ஒன்று ஏறும், பறந்துபோகும், மறுபடி வந்து உட்காரும்.

மாலை 7 மணி முதல் காலை 5 மணி வரை 10 விநாடிக்கு ஒரு படம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஓர் இரவுக்கு 3,600 படங்கள். ஒரு பருந்து அந்துப்பூச்சி மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தால் 1,080 படங்களில் இருக்கும். படத்துக்குப் படம் பெயரைச் சரியாகச் சொல்லும் நிரலும், இதை 1,080 பூச்சிகளாகக் கணக்கில் சேர்த்துவிடும். ஆகவே முந்தைய படத்தில் இருந்ததும் இந்தப் படத்தில் இருப்பதும் ஒன்றுதானா என்று பின்தொடரும் இன்னொரு நிரல் தேவை.

டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்படி ஒரு தானியங்கி விளக்குப்பொறியை அமைத்து 2021-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 48 இரவுகளில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். பூச்சிகளைக் கொல்லவில்லை. காலையில் விளக்கணைந்ததும் அவை பாட்டுக்குப் போய்விடும். பெயரிடப்பட்ட 2,000 படங்களைக் கொண்டு பழக்கிய நிரல், வெட்டியெடுத்த தனிப்படத்தைப் பார்த்துப் பெயர் சொல்வதில் 0.93 மதிப்பெண் பெற்றது. பிழையே இல்லாவிட்டால் 1. பெயர் சொல்வதையும் பின்தொடர்ந்து எண்ணுவதையும் சேர்த்துப் பார்த்தபோது அது 0.71 ஆகக் குறைந்தது. பெயர் சொல்வதைவிட எண்ணுவது கடினம் என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடுகின்றன. இத்தனைக்கும் அங்கே இனங்கள் குறைவு. வெப்பமண்டலத்து இரவில் துணிக்கு வரும் கூட்டம் வேறு.

மழை பெய்து ஓய்ந்த ஓர் இரவில் புற்றுகளிலிருந்து ஈசல் கிளம்பினால் என்ன ஆகும் என்பது நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். துணி முழுக்க ஈசல் மூடிவிடும். அடியில் இருப்பது கேமராவுக்குத் தெரியாது. ஈசல் இறகை உதிர்த்துவிட்டு ஊர்ந்து போகும். உதிர்ந்த இறகுகள் துணியில் ஒட்டிக்கொண்டு, ஒவ்வொன்றும் ஒரு பூச்சியாகக் கணக்கில் ஏறும் ஆபத்து உண்டு. ஐரோப்பியப் படங்களில் பழகிய நிரலுக்கு இப்படி ஓர் இரவு உண்டு என்பதே தெரியாது.

பழகாததைக் காணும்போது

நிரல் தவறும் இடங்கள் தற்செயலானவை அல்ல. பழக்கிய படங்களைப் பார்த்தாலே அவற்றை முன்கூட்டிச் சொல்லிவிடலாம்.

அருங்காட்சியகப் படங்களில் அந்துப்பூச்சி இறகை விரித்து ஊசியில் குத்தப்பட்டிருக்கும். உயிரோடு துணியில் உட்காரும்போது முன்னிறகு பின்னிறகை மூடிக்கொள்ளும். ஹாம்ப்சன் போன்றவர்கள் இனம் பிரிக்கப் பயன்படுத்திய பின்னிறகின் நிறமும் பட்டையும் மறைந்துவிடும். ஒன்றில் பழகியதை மற்றதில் பயன்படுத்தினால் பிழை கூடும்.

நெல் குருத்துப்பூச்சியில் பெண்ணின் முன்னிறகு மஞ்சள், நடுவே தெளிவான கரும்புள்ளி. ஆண் சிறியது, மங்கிய பழுப்பு, அந்தப் புள்ளி தெளிவாக இராது. பெண்ணின் படங்களை மட்டும் காட்டிப் பழக்கினால் வயலில் பாதிப் பூச்சிகள் கணக்கில் விடுபடும்.

பின்னணியும் ஏமாற்றும். ஓர் இனத்தின் படங்கள் எல்லாம் மஞ்சள் ஒட்டும்பொறியிலும், மற்றோர் இனத்தின் படங்கள் எல்லாம் பச்சை இலையிலும் எடுக்கப்பட்டிருந்தால், நிரல் பூச்சியைக் கற்காமல் மஞ்சளையும் பச்சையையும் கற்றுக்கொண்டு நல்ல மதிப்பெண் வாங்கும். வயலுக்குப் போன அன்றுதான் குட்டு வெளிப்படும்.

அளவு இன்னொரு தடை. அரை மீட்டர் அகலத் துணியை 4,000 புள்ளி அகலமுள்ள படமாக எடுத்தால் ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளிகள். ஒரு சென்டிமீட்டர் அந்துப்பூச்சிக்கு 80 புள்ளிகள் கிடைக்கும், அது போதலாம். இலைப்பேன் ஒரு மில்லிமீட்டர் நீளம். சென்னை லயோலா கல்லூரியில் பூச்சியியல் ஆய்வு நிறுவனத்தை வளர்த்தெடுத்த டி. என். அனந்தகிருஷ்ணன் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்த இலைப்பேன்களுக்குக் கொடுத்தவர். அவற்றை இனம் பிரிக்கக் கண்ணாடிச் சில்லில் ஏற்றி நுண்ணோக்கியில் உணர்கொம்பின் கணுக்களையும் உடலின் முடிகளையும் பார்க்க வேண்டும். 8 புள்ளிகளில் அது எதுவும் இல்லை. எவ்வளவு கெட்டிக்கார நிரலானாலும் படத்தில் இல்லாததைப் பார்க்க முடியாது.

அரிய பூச்சிகளைப் பொறுத்தவரை கணிதமே எதிராக நிற்கிறது. துணிக்கு வரும் ஆயிரத்தில் ஒன்றுதான் நாம் தேடும் இனம் என்று கொள்வோம். வேறொன்றை இதுவென்று நிரல் தவறாகச் சொல்லும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று. கேட்க நல்ல நிரல்தான். ஆனால் மற்ற 999-இல் சுமார் 10 பூச்சிகள் இந்தப் பெயரில் வந்து சேரும். உண்மையானது ஒன்று. ஆக, நிரல் அந்தப் பெயரைச் சொல்லும்போது பதினொன்றில் பத்து முறை தவறு.

இதற்கெல்லாம் மருந்து உண்டா? சிலவற்றுக்கு உண்டு. மதிப்பெண் குறைவானால் இனத்தின் பெயரை விட்டுவிட்டுப் பேரினம், அதுவும் ஐயமானால் குடும்பம் என்று நிரலைப் பின்வாங்கச் செய்யலாம். “கூம்பு மூக்குள்ள புல் அந்துக் குடும்பம், அதற்கு மேல் தெரியாது” என்பது நேர்மையான பதில், கணக்குக்கும் உதவும். இடத்தையும் மாதத்தையும் சேர்த்துக் கொடுத்தால், ஐரோப்பாவில் மட்டும் வாழும் இனத்தின் பெயரை மாகறலில் சொல்வது குறையும். 2008-இல் கலிஃபோர்னியாவில் மாணவர் திட்டமாகத் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்ட் 2017 முதல் பட அடையாளத்தைப் பயன்படுத்துகிறது. அங்கே நிரல் சொல்வது பரிந்துரை மட்டும். பார்க்கிற மனிதர்கள் உறுதிசெய்த பிறகே பெயர் நிலைக்கும். பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் கிருஷ்ணமேக் குண்டே குழுவினர் நடத்தும் இந்திய வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சித் தளங்களிலும் படங்களை வல்லுநர் சரிபார்க்கிறார்கள். ஜூலை இறுதியில் அந்துப்பூச்சி வாரம் என்று துணி கட்டிப் படமெடுக்கும் ஆர்வலர்கள் செய்வது பொழுதுபோக்காகத் தோன்றலாம். நாளைய நிரல் நம் ஊர்ப் பூச்சிகளை அறியுமா என்பதை அந்தப் படங்கள்தான் தீர்மானிக்கும்.

மாகறலில் வைப்பதானால்

2024 ஆகஸ்ட் 15-இல் ஒன்றிய அரசு தேசியப் பூச்சிக் கண்காணிப்பு அமைப்பைத் தொடங்கியது. விவசாயி எடுக்கும் படத்திலிருந்து பூச்சியை அடையாளம் காண்பது அதன் வேலைகளில் ஒன்று. பயிரில் பூச்சியைக் கண்டவர் படம் எடுப்பார், பதில் பெறுவார். அது தேவையான சேவை. ஆனால் அப்படிச் சேரும் படங்களிலிருந்து பூச்சிகள் பெருகினவா குறைந்தனவா என்று சொல்ல முடியாது. பூச்சி தொல்லை தந்த நாளில்தான் படம் எடுக்கப்படுகிறது. தொல்லை இல்லாத நாள் பதிவில் இல்லை.

மாற்றத்தை அறிய, ஒன்றுமே வராத இரவும் பதிவாக வேண்டும். மாகறல் வரப்பில் ஒரு கேமராவை நிறுத்துவதானால் முதலில் முடிவு செய்ய வேண்டியவை கணினியைச் சேர்ந்தவை அல்ல. விளக்கின் அலைநீளமும் வலுவும் ஆண்டுக்கணக்கில் மாறக்கூடாது. பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நிலவொளி விளக்கின் கவர்ச்சியைக் குறைக்கும், ஆகவே ஒப்பீடு அமாவாசையோடு அமாவாசைக்குத்தான். பக்கத்தில் புதிதாக ஒரு தெருவிளக்கு வந்தால் துணிக்கு வரும் எண்ணிக்கை குறையும். பூச்சி குறைந்ததாக நாம் எண்ணிக்கொள்வோம். நடவா, கதிர் வரும் பருவமா, அறுவடையா, அந்த வாரம் யார் வயலில் மருந்தடித்தார்கள் என்பதையும் எழுதிவைக்க வேண்டும். அதை ஊரார்தான் சொல்ல முடியும்.

விளக்கு எதைக் காட்டாது என்பதும் நினைவில் இருக்கவேண்டும். புகையானில் நீள இறகும் குட்டை இறகும் என இரண்டு வடிவங்கள். பயிரின் தூரில் பெருகி வயலைத் தீய்க்கும் குட்டை இறகு வடிவம் பறக்காது, துணிக்கும் வராது. துணியில் புகையானே இல்லை என்பதால் வயலில் இல்லை என்று நிம்மதி அடைய முடியாது. அதேபோல் புகையானின் முட்டையைத் தின்னும் பச்சை மிரிட் பூச்சியும் விளக்குக்கு வரும். அதைப் புகையானோடு சேர்த்து எண்ணும் நிரல், நண்பன் பெருகியதைப் பகைவன் பெருகியதாக அறிவித்து மருந்தடிக்கச் சொல்லும்.

நிரல் பெயர் சொல்லத் தயங்கும் பூச்சிகளில் சிலவற்றையாவது பிடித்து, உலர்த்தி, தேதியும் இடமும் எழுதி, அறிந்தவர் கையில் சேர்க்கவேண்டும். வெளித்தோற்றத்தில் ஒன்றேபோல் இருந்து, அறுத்துப் பார்த்தால்தான் வேறுபடும் இனங்கள் அந்துப்பூச்சிகளில் நிறைய. அவற்றுக்குப் படம் போதாது. வகைப்பாட்டியல் அறிந்தவரின் வேலையைக் கருவி எடுத்துக்கொண்டுவிடும் என்ற பேச்சு இங்கே பொருந்தாது. கருவி நாளொன்றுக்கு ஆயிரம் கேள்விகளைக் கொண்டுவந்து கொட்டும். பதில் சொல்ல ஆள் இன்னும் கூடுதலாக வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, படங்களை அழிக்கக் கூடாது. பெயர்ப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு படங்களைத் தூக்கிப்போடுவது இடத்தை மிச்சப்படுத்தும், அறிவியலைக் கெடுக்கும். இன்றைய நிரல் சொன்ன பெயர் தவறாக இருக்கலாம். பத்தாண்டு கழித்து வரும் நல்ல நிரல் அதே படங்களை மறுபடி படித்துத் திருத்திவிடும். பெயரைத் திருத்த எப்போதும் முடியும். அன்றைய விளக்கு எது, மணி என்ன, வயல் எப்படி இருந்தது என்பதை அன்றே எழுதாமல் விட்டால் பின்னால் எந்த நிரலாலும் அதைப் படத்திலிருந்து எடுத்துத் தர முடியாது.